கார்புரேட்டரில் இறுகிப்போன திருகை எது பிடித்திருக்கிறது?

என் மேசையில் ஒரு கார்புரேட்டர் கிடக்கிறது; பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம் அது, ஜப்பானின் மிக்குனி நிறுவன வகை. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியிலிருந்து கழற்றியது. வண்டி கடலோர வீடொன்றின் மாடிப்படிக்குக் கீழே பல ஆண்டுகள் ஓடாமல் நின்றிருந்தது. அடியிலுள்ள மிதவைக் கிண்ணத்தைப் பிடித்திருந்த திருகுகளில் ஒன்றைத் தவிர மற்றவை முனகிக்கொண்டே வந்துவிட்டன. அந்த ஒன்றின் தலையில் இருக்க வேண்டிய கூட்டல் குறிப் பள்ளம் ஏறக்குறைய வட்டக் குழியாகவே மாறியிருந்தது. எனக்கு முன்பே யாரோ அதனிடம் தம் பலத்தைக் காட்டிப் பார்த்திருக்கிறார்.

இத்தகைய திருகு பொதுவாக 4 மி.மீ. விட்டமுடையது, ஒரு முழுச் சுற்றுக்கு 0.7 மி.மீ. மட்டுமே ஏறும். அதன் மரையை, அதாவது தண்டைச் சுற்றி ஏறும் சுருள் வரியை, விரித்து ஒரு சாய்தளமாகக் கற்பனை செய்தால், சரிவு 4 பாகைக்கும் குறைவாக இருக்கும். உலோகத்தின் மீது உலோகம் தானாக வழுக்கத் தொடங்குவதற்கு ஏறத்தாழ அதைப் போல் இருமடங்கு சரிவு வேண்டும் என்பதால்தான், எந்தத் திருகும் முடுக்கிய இடத்திலேயே நிற்கிறது. முடுக்கும்போது நாம் செலுத்தும் பலத்தில் சுமார் பாதி தலைக்கு அடியிலுள்ள உராய்வுக்கும், 40 விழுக்காடு மரையின் உராய்வுக்கும் போய்விடுகிறது. திருகை இழுத்து நீட்டி இரு பாகங்களையும் இறுக்கிப் பிடிக்கும் வேலைக்கு மிஞ்சுவது 10 விழுக்காடு அளவுதான். ஆகவே கழற்றும்போதும் நம்மை முதலில் எதிர்ப்பது மரை அல்ல, பெரும்பாலும் தலையின் அடிப்பரப்பே. 1970களின் ஹோண்டா நான்கு சிலிண்டர் வண்டிகளில் கார்புரேட்டர்களை ஒரே தகட்டோடு இணைக்கும் திருகுகள் கழற்றுபவரைப் படுத்தியெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: அவற்றின் தலை தகட்டுக்குள் கூம்பு வடிவில் அமிழ்வதால் ஆப்புப்போல் செருகிக்கொள்கிறது, தட்டையான தலையைவிட உராய்வு சுமார் 1.4 மடங்காகிறது.

இது புதுத் திருகின் கதை. பழைய திருகில் வேதியியலும் சேர்ந்துகொள்கிறது. கார்புரேட்டர் உடல்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலப்பு உலோகத்திலோ அலுமினியக் கலப்பு உலோகத்திலோ வார்க்கப்பட்டவை. திருகோ துத்தநாக முலாம் பூசிய எஃகு. முலாம் இருக்கும் வரை சிக்கல் குறைவு. அது தேய்ந்தபின் எஃகும் துத்தநாகமும் நேருக்கு நேர் தொட்டுக்கொள்ள, இடையில் உப்புக்காற்றின் ஈரமோ, எத்தனால் கலந்த பெட்ரோல் உறிஞ்சி வைத்திருந்த நீரோ புகுந்தால், அந்த இடம் ஒரு சிறு மின்கலமாகிவிடுகிறது. அதில் கரைவது எஃகு அல்ல, துத்தநாகம்; அதாவது திருகு அல்ல, கார்புரேட்டரின் உடல். கரைந்த உலோகம் ஆக்சைடாகவும் கார்பனேட்டாகவும் மாறி, மூல உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு, மரையின் இடுக்குகளில் வெள்ளையாகப் பூத்து இறுகுகிறது. இறுகிய திருகைச் சேதமில்லாமல் எடுத்த பிறகும், அது இருந்த துளையின் மரை வலுவிழந்திருப்பதைப் பலரும் கவனித்திருப்பார்கள். காரணம் இதுதான். போதாக்குறைக்கு, கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகியும் ஆக்சிஜனேற்றம் அடைந்தும் விட்டுச்சென்ற பிசின் பசைபோல ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் என் அனுபவத்தில், திருகுகள் துருவால் கெட்டதைவிடத் திருப்புளியால் கெட்டதே அதிகம். நம் பட்டறைகளில் ‘ஸ்டார் ஸ்க்ரூ’ என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு வகைகள் மறைந்திருக்கின்றன. ஒன்று, அமெரிக்காவில் ஹென்றி ஃபிலிப்ஸ் 1930களில் பரப்பிய வடிவம். மற்றது, ஜப்பானியத் தர அளவைச் சேர்ந்தது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், ஃபிலிப்ஸ் முனையை ஜப்பானியப் பள்ளத்தில் வைத்தால் அது அடிவரை சரியாக அமராமல், சுவர்களின் மேல்விளிம்பை மட்டுமே தொட்டுக்கொண்டு நிற்கும். பள்ளத்தின் சுவர்கள் சாய்வானவை என்பதால், திருப்பும் விசையின் ஒரு பகுதி முனையை மேல்நோக்கித் தள்ளுகிறது. முனை ஏறி வழுக்கும் ஒவ்வொரு முறையும் சுவரிலிருந்து சிறிது உலோகத்தைச் சீவிக்கொண்டு போகிறது. மிக்குனி, கெய்ஹின் போன்ற ஜப்பானிய கார்புரேட்டர்களைப் பிரிப்பவர் ஜப்பானிய அளவுத் திருப்புளி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால், இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி அவருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. பல ஜப்பானியத் திருகுகளின் தலையில் சிறு புள்ளி ஒன்று குத்தப்பட்டிருக்கும், அதுவே அடையாளம். ஃபிலிப்ஸ் முனையைத் தவிர வேறு கைவசம் இல்லையென்றால், திருப்புவதைவிட அழுத்துவதற்கே அதிக பலம் கொடுக்க வேண்டும்.

முனை சரியாக அமர்ந்தும் திருகு அசையவில்லையென்றால், முதலில் செய்ய வேண்டியது தட்டுவது. திருப்புளியைத் தலையில் நேராக நிறுத்திச் சிறு சுத்தியலால் நான்கைந்து முறை அளவாகத் தட்டினால், தலையின் அடிப்பரப்பில் ஒட்டியிருந்த புள்ளிகள் விடுபடுகின்றன, வெள்ளைப் பூப்பிலும் நுண்விரிசல்கள் விழுகின்றன. அதன்பின் விடும் எண்ணெய் அந்த விரிசல்கள் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நுண்புழை விசையால் உள்ளே இறங்கும். மண்ணெண்ணெய்போல் நீர்த்த எண்ணெயே இதற்கு ஏற்றது. இரவு முழுதும் ஊறவிடலாம். எண்ணெய் அந்தப் பூப்பைக் கரைப்பதில்லை, வழுக்க மட்டுமே செய்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கரைத்துவிடலாமே என்று பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போடும் பழக்கத்தில் வினிகரையோ புளித்தண்ணீரையோ ஊற்றுபவர்கள் உண்டு. அமிலம் பூப்போடு சேர்த்துத் துத்தநாக உடலையும் தின்றுவிடும்.

அடுத்தது வெப்பம். சூடாக்கினால் உலோகம் விரிந்து துளை சுருங்கிவிடாதா என்று கேட்பவர்கள், மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதை நினைத்துப் பார்க்கலாம். பட்டையைப் பழுக்கக் காய்ச்சும்போது அதன் உள்வட்டமும் சேர்ந்தே பெரிதாவதால்தான் அது மரச் சக்கரத்தின் மேல் ஏறுகிறது. இங்கும் துளை பெரிதாகிறது. துத்தநாகக் கலப்பு உலோகம் எஃகைவிட இருமடங்குக்கும் மேல் விரிவதால், கார்புரேட்டரைக் கொதிநீரில் அமிழ்த்தி வெப்பநிலையை 70 பாகை உயர்த்தினால், 4 மி.மீ. துளை சுமார் 7.5 மைக்ரானும் உள்ளிருக்கும் திருகு சுமார் 3.4 மைக்ரானும் பெரிதாகும். மிஞ்சும் 4 மைக்ரான் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். ஆனாலும் பூப்பின் பிடி உடைவதற்கு அது போதும். ரப்பர் வளையங்களையும் கழற்ற முடிந்த பிளாஸ்டிக் பாகங்களையும் முன்பே எடுத்துவிட வேண்டும். தீச்சுடரை மட்டும் அருகே கொண்டுவரக் கூடாது: பெட்ரோல் மைனஸ் 40 பாகையிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும், துத்தநாகக் கலப்பு உலோகமோ 390 பாகைக்குள் உருகத் தொடங்கிவிடும்.

சுத்தியல் அடியைச் சுழற்சியாக மாற்றும் இம்பாக்ட் டிரைவர் எஞ்சின் மூடிகளுக்கு அருமையான கருவி. கார்புரேட்டரின் மெல்லிய விளிம்புகளுக்கு அது கடைசி வழிகளில் ஒன்றாகவே இருக்க வேண்டும். பள்ளம் முற்றிலும் அழிந்துவிட்டால் வாள்தகட்டால் தலையில் நேர்க்கோடு அறுத்துத் தட்டை முனையைப் பயன்படுத்தலாம், அல்லது தலையைத் துளையிட்டு நீக்கிவிடலாம். தலை போனதும் இறுக்கமும் போய்விடுவதால், மிஞ்சும் தண்டு சில நேரம் இடுக்கியால் பிடித்துத் திருப்பினாலே வந்துவிடும். காற்றுத்தடுப்புத் தகட்டைப் பிடித்திருக்கும் இரு சிறு திருகுகள் வேறு வகை: எஞ்சினுக்குள் கழன்று விழாதிருக்க அவற்றின் நுனி தொழிற்சாலையிலேயே நசுக்கி விரிக்கப்பட்டிருக்கும். அந்த விரிந்த நுனியை அரத்தால் தேய்த்து எடுக்காமல் திருப்பினால் தகட்டைத் தாங்கும் அச்சின் மரையே நாசமாகும்.

என் திருகு இரண்டாம் முறை கொதிநீரிலிருந்து எடுத்தபின், சூடு ஆறுவதற்குள் கொடுத்த திருப்பில் ‘டிக்’ என்று ஒலித்து விடுபட்டது. அதன் மரைப் பள்ளங்களில் சுண்ணாம்புத்தூள்போல் வெள்ளைப் பொடி அடைத்திருந்தது. துளையைச் சுத்தம் செய்து பார்த்ததில் மரை தப்பியிருந்தது. புதிதாக, அறுகோணப் பள்ளமுள்ள, துருப்பிடிக்காத எஃகு ஆலன் திருகு போட்டிருக்கிறேன். இந்த எஃகு துத்தநாகத்தை இன்னும் வேகமாக அரிக்கத் தூண்டும் என்பதால், ஈரம் புகாதபடி மரையில் சிறிது கிரீஸ் தடவியிருக்கிறேன். கிண்ணத் திருகுக்குச் சுமார் 2 நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதுமானது, 20 செ.மீ. நீளக் கைப்பிடியின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். ஆலன் சாவியின் நீண்ட காலைத் தலையில் செருகி, குட்டைக் காலை இரண்டு விரல்களால் பிடித்து முடுக்கினால், வேண்டிய அளவுக்கு மேல் இறுக்க நம்மால் எளிதில் முடியாது.