ஒரு வருஷம்தான் என்று பில்டர் சொன்னாரா?

ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் அப்புறம் இதே கேஸ் வருகிறது. கடைசியாக வந்தவர் ஃபிளாட் சாவி வாங்கி மூன்றாவது வருஷம். பாத்ரூமை ஒட்டிய பெட்ரூம் சுவரில் ஓதம் ஏறி, பட்டி உப்பிக் கொட்டியிருக்கிறது. "ஒரு வருஷம் முடிஞ்சிருச்சே சார், அக்ரிமென்ட்டைப் பாருங்க" என்றாராம் பில்டர். குறைகளைச் சரிசெய்யும் பொறுப்பு ஒரு வருஷம்தான் என்று கட்டுமான ஒப்பந்தத்தில் இருந்தது. இவரும் கைக்காசைப் போட்டு, டைல்ஸை உடைத்து, வாட்டர்புரூஃபிங் செய்துவிட்டு, "இப்போ கேஸ் போடலாமா?" என்று வருகிறார். உடைப்பதற்கு முன் எடுத்த போட்டோ ஒன்றுகூட இல்லை!

அந்த 'ஒரு வருஷம்' எங்கிருந்து வந்தது? பில்டர் எழுதியது. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016 சொல்வது ஐந்து வருஷம். 14(3)-ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த தேதியிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் குறையைத் தெரிவித்தால், கூடுதலாகக் காசு வாங்காமல் 30 நாளில் அதைச் சரிசெய்வது பில்டரின் கடமை. செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். "நான் கையெழுத்துப் போட்டுட்டேனே?" என்பார்கள். போட்டால் என்ன? இந்தச் சட்டத்துக்கு முரணான ஷரத்தை முத்திரைத்தாளில் அடித்தாலும் செல்லாது. "எல்லாம் திருப்தி" என்று சாவி வாங்கும்போது எழுதிக் கொடுத்த கடிதத்துக்கும் இதே பதில்தான். பின்னால் வெளிப்படும் குறைக்காகத்தானே இந்த ஐந்து வருஷமே!

அடுத்து, "தூண், பீம் விரிசல் விட்டால்தான் சார் அந்த ஐந்து வருஷம்" என்பார்கள். இல்லை. வேலைத்தரம், பொருள்தரம், செய்து தர வேண்டிய வசதிகள் எல்லாமே அந்தப் பிரிவில் வருகின்றன. ஓதமும் வரும், உப்பிக் கிளம்பும் டைல்ஸும் வரும். ஆனால் நீங்களே பாத்ரூமை இடம் மாற்றியிருந்தால், பில்டரின் வக்கீல் அதைத்தான் முதலில் எடுப்பார். நானாக இருந்தாலும் எடுப்பேன்.

தயவுசெய்து எதையும் உடைக்கும் முன் போட்டோ, வீடியோ எடுங்கள். முடிந்தால் ஒரு சிவில் இன்ஜினீயரை வரவழைத்து அறிக்கை வாங்கிவிடுங்கள். சைட் சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் "ப்ரோ, லீக் ஆகுது" என்று அனுப்பியதை நம்பி உட்காராதீர்கள். நிறுவனத்தின் பதிவு முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் போட்டு, டெலிவரி ஆன சான்றையும், ஒப்படைப்புக் கடிதத்தின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். ஐந்து வருஷக் கணக்கு அந்த ஒப்படைப்புத் தேதியிலிருந்துதான், பத்திரப்பதிவுத் தேதியிலிருந்து அல்ல.

நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத, அல்லது எட்டு வீட்டுக்கு மேற்படாத புராஜெக்ட்டுக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. அங்கே வாங்கியவர்களும், சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டியவர்களும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைதான். ஆனால் அங்கே புகார் கொடுக்க, பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டே வருஷம். ஓதத்தின் மேல் பெயின்ட் அடித்துக்கொண்டே அதைக் கழித்துவிடாதீர்கள்.