தொடர்பாடல் உத்தி: ஒரு சொல் விளக்கம்

ஒரு நாடு தன் போலீஸ் அமைப்பை மாற்றப் போகிறது என்றால் சட்டத் திருத்தம், ஆள் எடுப்பு, பயிற்சி, நிதி என்று திட்டம் போடுவார்கள். கூடவே இன்னொன்றும் எழுதி வைப்பார்கள்: இந்த மாற்றத்தை யாரிடம், எந்த மொழியில், எந்த வழியாக, யார் வாயால் சொல்வது, மக்கள் திருப்பிச் சொல்வதை யார் கேட்பது. இதற்குத்தான் ‘கம்யூனிகேஷன் ஸ்ட்ராட்டஜி’ என்று பெயர். தமிழில் ஆளுக்கொரு விதமாக விளம்பர உத்தி, பிரசார வியூகம், மக்கள் தொடர்புத் திட்டம் என்று எழுதுகிறார்கள். முதல் இரண்டும் பொருந்தாது. மூன்றாவது பாதி பொருந்தும்.

மூலத்திலிருந்து வருவோம். கம்யூனிகேஷன் லத்தீன் வழி வந்தது. ‘கம்யூனிஸ்’ என்றால் பொது. ‘கம்யூனிகாரே’ என்றால் பொதுவாக்குதல், பகிர்தல். ஸ்ட்ராட்டஜி கிரேக்கம். ‘ஸ்ட்ராட்டோஸ்’ படை, ‘அகெய்ன்’ நடத்துதல். இரண்டும் சேர்ந்தால் ‘ஸ்ட்ராட்டகோஸ்’, அதாவது படைத்தலைவன். பழைய ஏதென்ஸில் ஆண்டுதோறும் பத்துப் பேரை இந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, தொடரின் முதல் பாதி பகிரச் சொல்கிறது, மறுபாதி படை நடத்தச் சொல்கிறது. சோப்பு விற்கிற நிறுவனத்துக்கு இந்த இழுபறி பெரிய விஷயமில்லை. கையில் லத்தி வைத்திருக்கும் துறைக்கு அப்படியில்லை. படைப் பக்கம் சாய்ந்தால் எதிரே நிற்பது சொந்த மக்கள்.

‘வியூகம்’ வேண்டாம் என்பதும் அதனால்தான். சக்கர வியூகம், பத்ம வியூகம் எல்லாமே எதிரிக்கு முன்னால் படையை நிறுத்தும் அமைப்புகள். தேர்தல் செய்திக்கு அது சரி. ‘விளம்பரம்’ வாங்க வைக்கும் முயற்சி. சீர்திருத்தம் கடைச் சரக்கு இல்லை.

‘உத்தி’ வேறு ரகம். வடமொழி ‘யுக்தி’யிலிருந்து வந்தது என்பது அகராதிகளின் முடிவு. ஆனால் தமிழில் அது குடியேறிய இடம் போர்க்களம் இல்லை, நூல் எழுதும் திண்ணை. தொல்காப்பியத்தின் மரபியலும் நன்னூல் பாயிரமும் முப்பத்திரண்டு உத்திகளைச் சொல்கின்றன. ‘தொகுத்துச் சுட்டல்’, ‘வகுத்துக் காட்டல்’, ‘பிறன்கோட் கூறல்’ என்று நன்னூலின் பட்டியல் போகும். தான் சொல்ல வந்ததைப் படிக்கிறவனுக்குப் புரியும்படி வைக்கும் முறைகள் இவை. பிறர் கருத்தையும் எடுத்துச் சொல்வது அதில் ஓர் உத்தி என்பதைக் கவனிக்க வேண்டும். (‘சொற்பொருள் விரித்தல்’ என்றும் ஒன்று உண்டு, இந்தக் கட்டுரை அந்த வகையில் சேரும்.) கிரேக்கச் சொல் பாசறையில் பிறந்து பேச்சுக்கு வந்திருக்கிறது. நம் சொல் தொடக்கத்திலிருந்தே பேச்சின் பக்கம்தான்.

இனி கம்யூனிகேஷன். தமிழ்நாட்டில் ‘தகவல் தொடர்பு’ என்கிறோம். போலீசுக்குள் அந்தச் சொல்லைக் கேட்டால் வயர்லெஸ் மைக்தான் நினைவுக்கு வரும். அதோடு ‘தகவல்’ மேலிருந்து கீழே இறங்குகிற பண்டமாகவே பழகிவிட்டது. இலங்கைத் தமிழில் ‘தொடர்பாடல்’ என்கிறார்கள். அங்கே பள்ளிக்கூடத்தில் ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ என்று ஒரு பாடமே இருக்கிறது. ‘ஆடல்’ சேர்ந்ததும் சொல் இருவழிப் பாதையாகிறது. உரையாடல், உறவாடல், கலந்துரையாடல் என்று எதை எடுத்தாலும் எதிரே ஓர் ஆள் வேண்டும். நீலகிரிக்காரர்களுக்கு இலங்கைத் தமிழ் அன்னியமில்லை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காகத்தான் டான்டீ என்கிற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டங்களே வந்தன. சேரங்கோடு, நெல்லியாளம் பக்கம் பல வீடுகளுக்கு உறவு இன்னும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஸ்ட்ராட்டஜிக்கு இலங்கையில் வழங்கும் ‘மூலோபாயம்’ மட்டும் நமக்கு வாயில் நுழையாது. எனவே முன்பாதியை அங்கிருந்தும் பின்பாதியை நன்னூலிலிருந்தும் எடுத்துத் ‘தொடர்பாடல் உத்தி’ என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, இது நீலகிரி மலையில் என்ன வேலை செய்யும்? கூடலூர் பஜாரில் ஜெராக்ஸ் கடை வாசலில் அடிக்கடி பார்க்கிற காட்சி ஒன்று. பச்சைத் தேயிலை பறிக்கப் போகும் அக்கா ஒருவர் கையில் ஸ்டேஷனில் கொடுத்த சீட்டு இருக்கும். “கேஸ் போட்டுட்டாங்க தம்பி, ரசீது குடுத்திருக்காங்க” என்பார். வாங்கிப் பார்த்தால் அது சி.எஸ்.ஆர். மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கான சீட்டு, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். என்கிற முதல் தகவல் அறிக்கை வேறு. வழக்கு அதில்தான் தொடங்குகிறது, அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இரண்டும் அரசு முத்திரை வைத்த தாள்தான்; வித்தியாசத்தைச் சொல்ல அங்கே ஆளில்லை. சீர்திருத்தம் சட்டப் புத்தகத்தில் நடந்து முடிந்தாலும், இந்தச் சீட்டைப் பற்றி ஒருவர் இரண்டு வாக்கியம் பேசாவிட்டால் அந்த அக்காவுக்கு எதுவும் மாறவில்லை.

எல்லை விவகாரத்தைப் பாருங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். சேரம்பாடிக்காரர் வயநாட்டுப் பக்கம் பணத்தைப் பறிகொடுத்தாலும் சேரம்பாடியிலேயே எழுதிக் கொடுக்கலாம். இரு மாநில எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி ஏது? எந்த மொழியில் சொல்வது என்பதுதான் அடுத்த கேள்வி. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிகள். படுகு பேசும் ஊர்கள். பந்தலூர் பக்கம் மலையாளம். தமிழில் அச்சடித்த சுவரொட்டி பணியர் குடியிருப்பில் சுவருக்கு அழகு, அவ்வளவே. அவர்கள் பேச்சிலேயே சொல்லவும், கேட்டுக்கொண்டு வரவும் ஆள் வேண்டும். உத்தியின் பெரும்பகுதி இப்படி ஆள் தேடுவதுதான்; தாளில் எழுதுவது கொஞ்சம்.

இந்தியாவில் போலீஸ் சீர்திருத்தம் பேசினால் 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த ஏழு உத்தரவுகளைத் தாண்டிப் போக முடியாது. டி.ஜி.பி.க்குக் குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான பதவிக்காலம், புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிப்பது, மாநிலத்திலும் மாவட்டத்திலும் போலீஸ் மீதான புகார்களுக்கென்று தனி ஆணையம் என்பவை அவற்றில் சில. மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இடத்தில் கலெக்டரை வைத்தது, எஸ்.பி.யையும் உறுப்பினராக்கியது. எஸ்.பி.க்குக் கீழே இருப்பவர் மீதான புகாரை எஸ்.பி. உட்கார்ந்திருக்கும் குழுவிடமே கொடுப்பது எப்படி என்று யாரும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கேட்பதற்கு முன்னால் அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே. குந்தாவிலோ பந்தலூரிலோ விசாரித்துப் பாருங்கள். உதகைக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் கூலி போகும். எதற்குப் போகிறோம் என்பதே தெரியாதவர் அதை ஏன் இழக்கப் போகிறார்?

இன்னொரு தரப்பை எல்லாருமே மறந்துவிடுகிறோம்: போலீஸ்காரர்கள். சீர்திருத்தத்தைப் பற்றி முதலில் அறிய வேண்டியவர் ஏட்டையாதான். அவருக்கோ அது பத்திரிகை வழியாகத்தான் வருகிறது. 2021இல் தமிழக அரசு காவலர்களுக்கு வார விடுப்பு அறிவித்தபோது அது வீடுவரை போய்ச் சேர்ந்த செய்தியாக இருந்தது, ஏனென்றால் அதில் அவர்களுக்கும் ஏதோ இருந்தது. மற்றவை ‘மேலே இருந்து வந்த ஆர்டர்’ ஆகிவிடுகின்றன. சாத்தான்குளம் காவல் மரணங்களுக்குப் பிறகு 2020 ஜூலையில், போலீசுக்குத் துணையாக இயங்கிய ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ என்ற தன்னார்வலர் அமைப்பைத் தமிழ்நாடு தடை செய்தது. ‘காவல்துறை உங்கள் நண்பன்’ என்ற பலகை அப்புறமும் பல இடங்களில் தொங்கியது. பலகை பேசும், பதில் கேட்காது. இது தொடர்பாடல் இல்லை, விளம்பரம்தான்.

பெயரை மாற்றுவதே சில நாடுகளில் உத்தியின் முதல் படி. வட அயர்லாந்தில் 1999இல் பேட்டன் ஆணையம் 175 பரிந்துரைகள் தந்தது. 2001 நவம்பரில் ‘ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி’ என்ற பழைய பெயர் போய் ‘வட அயர்லாந்து போலீஸ் சேவை’ வந்தது, சின்னமும் மாறியது. உக்ரைன் 2015இல் சோவியத் காலத்து ‘மிலிட்சியா’வை விட்டுப் ‘பொலிட்சியா’வுக்கு வந்தது. நாமும் மாற்றியிருக்கிறோம். கிரேக்கத்தில் நகர அரசைக் குறித்த சொல்லிலிருந்து வந்த ‘போலீஸ்’ பலகையிலிருந்து போய், அரசனைக் ‘காவலன்’ என்று அழைத்த மரபிலிருந்து ‘காவல் நிலையம்’ வந்து எத்தனையோ காலமாகிறது. மக்கள் இன்னும் ‘ஸ்டேஷன்’ என்றுதான் சொல்கிறார்கள்.

எழுதும்போது ‘தேசியக் காவல்துறைச் சீர்திருத்தத் தொடர்பாடல் உத்தி’ என்று மேட்டுப்பாளையம் ரயில் மாதிரி பெட்டி பெட்டியாகக் கோக்க வேண்டியதில்லை. ‘போலீஸ் சீர்திருத்தத்துக்கான தொடர்பாடல் உத்தி’ போதும். ஆவணத்துக்கு ‘தொடர்பாடல் உத்தி அறிக்கை’ எனலாம், அதை நடத்துகிறவருக்குத் ‘தொடர்பாடல் அலுவலர்’. ‘மக்கள் தொடர்பு அலுவலர்’ பத்திரிகைக்குச் செய்தி தருகிறவராகவே இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு வேலையும் ஒன்றில்லை.