வேளச்சேரி மாலில் பில் போடுவது யார்? ஓர் ஆடிட்டர் பார்த்த இரண்டு கோப்புகள்

எனக்கு வேளச்சேரியில்தான் அலுவலகம். ஃபீனிக்ஸ் மால் நடந்து போகிற தூரம். 2018இல் அதை ஒட்டி பல்லேடியம் என்கிற சொகுசு மால் வந்த பிறகு, வெளிநாட்டுக் கைப்பை, கடிகாரம், சூட் என்று வாங்குகிறவர்களின் கணக்கும் என் மேசைக்கு வர ஆரம்பித்தது. அந்தக் கடைகளுக்குள் நிற்பவரைப் பார்த்ததும் 'இவரிடம் எவ்வளவு இருக்கும்?' என்று மனசு ஒரு தொகையைப் போட்டுவிடும். எனக்கும் போடும். பதினைந்து வருஷத்தில் அது பெரும்பாலும் தப்பாகத்தான் போயிருக்கிறது.

போன வருஷம் ஒரே வாரத்தில் வந்த இரண்டு கோப்புகளைச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலாவது, ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் தம்பதி. இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் இரண்டு லட்சத்தைத் தாண்டும். மேடவாக்கத்தில் ஃபிளாட், அதற்கு வீட்டுக் கடன், போதாததற்குக் கார் கடன். மனைவியின் பிறந்தநாளுக்கு 85,000 ரூபாயில் ஒரு கைப்பை வாங்கி, கிரெடிட் கார்டில் 12 மாதத் தவணையாக மாற்றியிருந்தார்கள். "மாசம் 7,700தானே சார்" என்றார் கணவர். வட்டி 16 சதவீதம். கணக்குப் போட்டுக் காட்டினேன்: வட்டி மட்டும் ஏறக்குறைய 7,500, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அது தவிர பிராசஸிங் கட்டணம். பைக்கு மேல் ஒன்பதாயிரம் போல.

சரி, ஒன்பதாயிரத்தோடு போயிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். நடுவில் இரண்டு மாதம் கார்டு பில்லை முழுதாகக் கட்டாமல் 'மினிமம் ட்யூ' எனும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டியிருக்கிறார்கள். அங்கேதான் அடி. மிச்சத்துக்கு மாதம் மூன்றரை சதவீதம் போல வட்டி, அதாவது வருஷத்துக்கு 42. வட்டியில்லாத நாட்கள் என்கிற சலுகையும் போய்விடும். அதற்குப் பிறகு அதே கார்டில் போடுகிற பெட்ரோலுக்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பலருக்கு இது தெரிவதில்லை. ஸ்டேட்மெண்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், யார் படிக்கிறார்கள்?

அந்தப் பை இப்போது எங்கே என்று விசாரித்தேன். துணி உறைக்குள் பீரோவில் இருக்கிறதாம். ஆபீஸ் பஸ்ஸில் கொண்டுபோகப் பயமாக இருக்கிறதாம்.

இரண்டாவது கோப்பு திருப்பூர். பனியன் ஏற்றுமதி செய்கிறவர். 2024-25இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய். அந்த ஊரில் பணம் புரள்கிறது என்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பணம் மெஷினிலும் நூலிலும் காங்கேயம் பக்கத்து நிலத்திலும் கிடக்கும், கடைத்தெருவில் கண்ணில் படாது. பெரிய பிராண்டு வேண்டுமென்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ வண்டி எடுப்பார்கள். பணம் விளைகிற ஊர் ஒன்று, பில் போடுகிற ஊர் இன்னொன்று. இதனால்தான் வேளச்சேரிக் கடையில் கூட்டத்தைப் பார்த்து 'வேளச்சேரி பணக்கார ஏரியா ஆயிடுச்சு' என்று சொல்வதில் பாதிதான் உண்மை.

மருமகனாக வரப்போகிறவருக்கு 11 லட்சத்தில் கைக்கடிகாரம் பார்த்துவிட்டு, கடையிலிருந்தே எனக்குப் போன் செய்தார்.

"ஏனுங்க ஆடிட்டர், ரொக்கமாக் குடுத்துட்டு, பில்லை ஆறாப் பிரிச்சுப் போட்டா ஆகாதுங்களா?"

"ஆகாதுங்க. ஒரே பொருளை எத்தனை பில்லாப் பிரிச்சாலும் ஒரே வியாபாரம்தான்."

ஒருவரிடமிருந்து ஒரு வியாபாரத்துக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க 2017 ஏப்ரலிலிருந்து தடை இருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். அது கடைக்காரர் தலையில் விழும் என்பதால் நல்ல கடைகள் சம்மதிப்பதில்லை. 2025 ஏப்ரல் 22லிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரம், கைப்பை, கூலிங் கிளாஸ், காலணி, ஓவியம் போன்றவற்றுக்குக் கடைக்காரர் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்கும்போதே வாங்குகிறவரிடம் பிடிக்கிற வரி) பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இவருக்கு 11,000 ரூபாய். பத்துக்கு மேலே உள்ள ஒரு லட்சத்துக்கு மட்டும்தானே என்று கேட்டார். இல்லை, முழு விலைக்கும்தான்.

அந்த 11,000 கூடுதல் வரி இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவாக ஏறும். ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் ரீஃபண்டும் வரும். ஆனால் கடிகாரம் வாங்கிய விஷயமும் அதே பான் எண் வழியாகத் துறைக்குப் போய்விடுகிறது. எட்டு லட்சம் வருமானம் காட்டிவிட்டு 11 லட்சத்துக்குக் கடிகாரம் கட்டினால் கேள்வி வரும். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இருந்தால் பயமில்லை.

அப்புறம், இதைக் கம்பெனிக் கணக்கில் 'பிசினஸ் புரமோஷன்' என்று எழுதச் சொன்னார். மறுத்துவிட்டேன். மாப்பிள்ளை கையில் ஏறுகிற கடிகாரம் சொந்தச் செலவு, அது வியாபாரச் செலவாக நிற்காது.

கடைசியில் வங்கி வழியாகவே பணம் கட்டி வாங்கினார். அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியது. இவருடைய ஆர்டர்களில் பாதி நின்றது. வங்கி ஓவர்டிராஃப்டைப் புதுப்பிக்க உட்கார்ந்தபோது, கடிகாரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நிலப் பத்திரம்தான் கைகொடுத்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அடிக்கடி பார்க்கிறேன். ரிவார்டு பாயிண்டுக்கு ஆசைப்பட்டு மச்சானுக்கும் நண்பனுக்கும் உங்கள் கார்டைத் தேய்க்காதீர்கள். வருஷத்தில் பத்து லட்சமோ அதற்கு மேலோ கார்டு பில் கட்டினால் வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும். தேய்த்திருந்தால், அவர்கள் திருப்பித் தந்ததற்கு வங்கிப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ரிட்டர்ன் போடும் முன் வருமான வரித் தளத்தில் உங்கள் ஏஐஎஸ் அறிக்கையை (உங்களைப் பற்றித் துறைக்கு வந்த பணத் தகவல்களின் பட்டியல்) இறக்கி, வரிசை வரிசையாகப் படியுங்கள். அந்தத் தம்பதியில் கணவரின் அறிக்கையில் பத்து லட்சத்துக்கு மேல் கார்டு பில் தெரிந்தது. அதில் மூன்று லட்சம் மச்சானுடையது.