பிரிபோமிஸ்: நாரி நோ என்று நாம் சொல்லும் பேரித்தசைப் பிடிப்பு

"நாரி பிடிச்சிட்டுது, கால் வரைக்கும் இழுக்குது." கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் என் பெரியம்மா பல மாதமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நாரியில், அதாவது கீழ்முதுகில், எண்ணெய் பூசினோம், ஒத்தடம் கொடுத்தோம், குறையவில்லை. பிசியோதெரபி செய்பவர் அவரைக் குப்புறப் படுக்கவைத்துப் பிட்டத்தின் நடுவே கட்டைவிரலால் அழுத்தியபோதுதான், "அதுதான் பிள்ளை, அந்த இடந்தான்" என்று பெரியம்மா கத்தினார். பிசியோதெரபி செய்பவர் அந்தத் தசைக்குச் சொன்ன பெயர் பிரிபோமிஸ்.

இலத்தீனில் 'பிரும்' என்றால் பேரிக்காய், 'போர்மா' என்றால் வடிவம். பேரிக்காய் வடிவத் தசை என்பதே பொருள். நாரிக்குக் கீழே உள்ள முக்கோண எலும்பின் உட்பக்கத்தில் அகலமாகத் தொடங்கி, ஒடுங்கிப் போய், தொடையெலும்பின் மேல்முனையில் ஒட்டும். உடம்பிலேயே தடித்த நரம்பான சயாட்டிக் நரம்பு பெரும்பாலானோருக்கு இதன் அடியால் இறங்குகிறது. சிலருக்குத் தசையைத் துளைத்துக்கொண்டே போகும். தசை இறுகினால் நரம்பு நெரிபடும், காலில் விறைப்பும் உளைவும் வரும். 1947இல் ரொபின்சன் என்ற மருத்துவர் இந்த நோய்க்குத் தசையின் பெயரையே வைத்தார்.

அப்போ, அடிக்கடி கேட்கும் சயாட்டிக்கா என்ற பெயர்? அது 'இஸ்கியோன்' என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. இடுப்பு மூட்டைக் குறிக்கும் சொல் அது. அந்த நரம்பின் பாதையில் ஓடும் வலியைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது, காரணத்தைச் சொல்லாது. முதுகெலும்பின் வட்டு (டிஸ்க்) விலகினாலும் சயாட்டிக்காதான், தசை நெரித்தாலும் சயாட்டிக்காதான். பிட்டத்தின் சிறிய தசைகளில் விழும் முடிச்சுகூட அதே மாதிரிக் காலுக்கு நோவை அனுப்பும்.

தமிழில் தசையைப் 'பேரித்தசை' என்றும், நோயைப் 'பேரித்தசைப் பிடிப்பு' என்றும் சொல்லலாம் என்பது என் எண்ணம். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்தார், ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்த மண்ணிலிருந்து வந்த நாம் இந்தச் சொல்லுக்குத் தயங்கத் தேவையில்லை. தயக்கமெல்லாம் இடத்தைச் சொல்வதில்தான் இருக்கிறது. பிட்டம் என்று சொல்லக் கூச்சப்பட்டு எல்லாவற்றையும் நாரியில் ஏற்றிவிடுகிறோம். "பிட்டத்துக்குள்ள நோகுது, இருந்தா கூடுது, காலுக்கு இறங்குது" என்று டொக்டரிடம் சொன்னால் அவருக்குப் பாதி வழி தெரிந்துவிடும்.

100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலம், பின்பொக்கற்றில் தடித்த பேர்ஸோடு இருப்பவருக்கு இது வரலாம். முதல் வேலை பேர்ஸை எடுத்து முன்னால் வைப்பது. அப்புறம், நெடுநேரம் இருந்த இடத்திலேயே இருக்காமல் இடைக்கிடை எழும்பி நடப்பது. பெரியம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சி இது: மல்லாந்து படுத்து, நோகும் காலின் கணுக்காலை மற்ற முழங்காலுக்கு மேல் வைத்து, கீழே உள்ள தொடையை இரண்டு கையாலும் நெஞ்சுப் பக்கம் மெதுவாக இழுத்து, 30 விநாடி பிடிப்பது. பிட்டத்தில் இழுவை தெரிய வேண்டும், குத்தினால் விட்டுவிட வேண்டும். சூட்டு ஒத்தடமும் அந்த இடத்துக்கே கொடுக்க வேண்டும். அவருக்குச் சில வாரங்களில் குறைந்தது. குறையாதவர்களுக்குத் தசைக்குள் ஊசி போடுவதும் உண்டு.

ஆனால் சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனால், தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி மரத்தால், பாதம் தூக்க வராமல் தொங்கினால், அதை இந்தத் தசையின் கதை என்று விட்டுவிடக் கூடாது. பயிற்சி, ஒத்தடம் என்று வீட்டில் நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.