‘நீர்க்கட்டி’ என்ற சொல்லில் தொடங்கும் பயம்

‘பிசிஓஎஸ்’ (சினைப்பையைப் பாதிக்கும் ஹார்மோன் கோளாறு) என்று எழுதிய ஸ்கேன் ரிப்போர்ட்டோடு பாலக்கோட்டிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் வரும் அம்மாக்கள் முதலில் கேட்பது, “நீர்க்கட்டிய ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாங்களா?” மகள் பேசுவதில்லை. எனக்குக் குழந்தையே பிறக்காதோ என்ற எண்ணத்தோடு தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள்.

இருவருக்கும் பதில் சொன்ன பிறகுதான் மருந்துச்சீட்டு எழுத வேண்டும். ஸ்கேனில் தெரிபவை கட்டிகளே அல்ல, முதிராமல் நின்றுபோன சினைமுட்டைப் பைகள். வெட்டி எடுக்க அங்கே எதுவும் இல்லை. கருத்தரிக்கத் தாமதமாகலாம், ஆனால் பெரும்பாலானவர்கள் தாயாகிறார்கள், பலர் சிகிச்சை இல்லாமலே. வயதுக்கு வந்து 8 ஆண்டு ஆகாத பெண்ணுக்கு இந்த நோயைக் கண்டுபிடிக்க ஸ்கேனே வேண்டாம். அந்த வயதில் இயல்பான சினைப்பையும் அப்படித்தான் தெரியும். பதினைந்து வயதில் அவசரப்பட்டு ஒட்டிய பெயர், வரன் பார்க்கும் நாள்வரை அவளைத் துரத்துகிறது.

பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம். நோய் உறுதியானதுமே எல்லோரிடமும் மனநிலையைக் கேட்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. நடைமுறையில் மாதவிடாயைக் கேட்கிறோம், எடையைப் பார்க்கிறோம், அனுப்பிவிடுகிறோம்.

கழுத்தில் படரும் கருமையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சரியா குளிக்கிறதில்ல’ என்று வீட்டில் திட்டு விழுகிறது. அவளும் பீர்க்கங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்க்கிறாள். தோல் இன்னும் தடித்துக் கருக்கிறது. அது அழுக்கே இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். முகத்து முடியும் அவள் தவறு அல்ல, ஆண் ஹார்மோன் கூடுவதால் வருவது. ஷேவ் செய்தால் முடி தடிக்கும் என்பது பொய். முடி குறையக் கொடுக்கும் மாத்திரையின் பலன் தெரிய குறைந்தது 6 மாதம் ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டாம் மாதமே நிறுத்திவிட்டு, ‘எனக்கு எதுவும் கேக்காது’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறாள்.

சோர்வு எல்லாமே மனச்சோர்வு அல்ல. தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் பாருங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கலாம். இன்சுலின் நன்றாக வேலை செய்யக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டு சாப்பிடுபவருக்கு வைட்டமின் பி12 குறையலாம். ஹார்மோன் மாத்திரை தொடங்கிய பின் மனம் இறங்கினால், தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அம்மாவைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கடந்த 2 வாரத்தைப் பற்றி இரண்டு கேள்விகள்: எதிலும் ஆர்வம் இல்லாமல் போனதா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? இல்லை என்றால் 0, சில நாட்கள் 1, பாதி நாட்களுக்கு மேல் 2, ஏறக்குறைய தினமும் 3. கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகக் கேட்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இருந்தால் தனியே விடாமல், அன்றே தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வீட்டாருக்கு ஒன்று. களி உருண்டையைத் தட்டில் வைக்கும்போது, “இவ்ளோ வேணுமா?” என்று கேட்காதீர்கள். பகலில் பட்டினி கிடந்து, இரவில் யாருக்கும் தெரியாமல் அள்ளிச் சாப்பிடும் பழக்கம் அங்கிருந்தும் தொடங்கலாம். எடை கூடிய பெண்ணுக்கு 5 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்கும். 70 கிலோ இருந்தால் மூன்றரை கிலோ. அதையும் நாலு பேர் முன்னால் எடை மெஷினில் ஏற்றிப் பார்க்க வேண்டாம். அவளிடம் கேட்டுக்கொண்டு, தனியாகப் பாருங்கள்.