கையெழுத்தில்லாத ஓவியத்தை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

மேசை மேல் ஒரு கண்ணாடிக் குடுவை, நான்கைந்து பழங்கள், மடிந்து கிடக்கும் துணி. எந்த மூலையிலும் கையெழுத்து இல்லை. இப்படி ஒரு ஸ்டில் லைஃப் ஓவியம் வந்தால், அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் முதல் வேலையாக அதைத் திருப்பிப் பார்ப்பார். பின்பக்கத்தை யாரும் அழகுபடுத்துவதில்லை. தகவல் அங்கேதான் அதிகம். கான்வாஸ் விற்றவரின் முத்திரை, சட்டம் போட்ட கடையின் லேபிள், கண்காட்சிச் சீட்டு, பென்சிலில் கிறுக்கிய ஓர் எண் என எதுவும் துப்பாகலாம். புதுச் சட்டம் போடும்போது இவற்றைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். எனக்கு மனசு பொறுக்காத விஷயம் அது.

அடுத்த கேள்வி: இது வரைந்ததா, அச்சடித்ததா? 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸே போதும். இங்க்ஜெட் அச்சு என்றால் பல நிற நுண்புள்ளிகள் தெரியும். ஆனால் அச்சின் மேல் தெளிவான ஜெல் பூசி, பிரஷ் தடம் போல மேடுபள்ளம் உண்டாக்குவதும் உண்டு. அதனால் குடுவையில் மின்னும் வெளிச்சப் பொட்டைப் பார்க்க வேண்டும். கையால் வரைந்ததில் அந்த வெள்ளை பெரும்பாலும் கடைசியாக வைத்ததாக இருக்கும். பிரஷ்ஷைத் தூக்கிய இடத்தில் சின்னதாக ஒரு கூர்முனை நிற்கும். அடியில் இருந்த வண்ணம் ஈரமாக இருந்திருந்தால் அதையும் கொஞ்சம் இழுத்து வந்திருக்கும். ஜெல் பூசிய அச்சில் பெரும்பாலும் மேடு ஓரிடத்திலும் வெள்ளை வேறிடத்திலும் இருக்கும்.

சரி, கையால் வரைந்ததுதான். எப்போது வரைந்தது? இங்கேதான் வேதியியல் வருகிறது. ஒவ்வொரு நிறமிக்கும் பிறந்த காலம் உண்டு. தாலோசயனின் நீலம் 1935இல் விற்பனைக்கு வந்தது. குயினாக்ரிடோன் சிவப்பு வகைகள் 1958இல் வந்தன. இன்று பலரும் விரும்பும் பளீர் சிவப்பான பைரோல் 1980களில்தான் வந்தது. ஆக, பழத்தின் சிவப்பில் பைரோல் இருந்தால் ஓவியம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி டைட்டானியம், காட்மியம் போன்ற உலோகங்களைக் காட்டிவிடும். பைரோல் போன்ற, உலோகம் இல்லாத கரிம நிறமிகளை அறிய ராமன் நிறமாலைக் கருவி வேண்டும்.

போலி ஓவியங்கள் வரைந்து விற்ற ஜெர்மானியர் வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி மாட்டிக்கொண்டது இந்தத் தர்க்கத்தில்தான். 1914இல் ஜெர்மன் ஓவியர் ஹைன்ரிக் காம்பென்டாங்க் வரைந்தது என்று அவர் உலவவிட்ட ஓவியத்தில் டைட்டானியம் வெள்ளை இருந்தது. 1914இல் ஓவியர்கள் கையில் அந்த நிறமி கிடையாது. 2011இல் அவருக்கு 6 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

நிறமியைப் பிடித்துவைக்கும் ஊடகமும் பேசும். எண்ணெய் வண்ணத்தில் கலக்கும் ஆளி விதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. தொட்டால் ஒட்டாத நிலை சில நாட்களிலோ வாரங்களிலோ வந்துவிடும். உள்ளே வேதிமாற்றம் ஆண்டுக்கணக்கில் தொடரும். நீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக் 1950களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது. நீர் ஆவியாகும்போது அதிலுள்ள பிளாஸ்டிக் துகள்கள் நெருங்கி ஒட்டிப் படலமாகின்றன.

எண்ணெய் ஓவியம் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில், காலப்போக்கில் சிதைந்துபோகும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 அளவு ஏறியது. 1963 வாக்கில், வட அரைக்கோளத்தில், ஏறக்குறைய இருமடங்கானது. அப்புறம் மெல்ல இறங்கியது. அந்தந்த ஆண்டு விளைந்த ஆளிச் செடி அந்தந்த ஆண்டின் கார்பனைத்தான் எடுத்துக்கொண்டிருக்கும். 1866 என்று தேதியிட்ட ஓர் ஓவியத்தின் எண்ணெயை சூரிச் ஆய்வாளர்கள் இப்படிச் சோதித்து, அது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதிச் சரக்கு என்று 2019இல் காட்டினார்கள். ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான வண்ணமே தேவைப்பட்டது. கார்பன்-14 அளவு ஏறி இறங்கியிருப்பதால் ஒரே அளவுக்கு இரண்டு ஆண்டுகள் பொருந்தும்; எது சரி என்பதை நிறமிகளை வைத்து முடிவு செய்யலாம். அக்ரிலிக்கில் இந்த வழி எடுபடாது. பெட்ரோலியத்திலிருந்து வந்த கார்பன் பல கோடி ஆண்டுகள் பழையது. அதில் கார்பன்-14 எஞ்சியிருக்காது.

சமகால ஓவியத்தில் சிக்கல் இதுதான். நிறமிகளில் பெரும்பாலானவை இன்றும் கடையில் கிடைக்கின்றன. ஆய்வகம் ‘இதற்கு முன் அல்ல’ என்று சொல்லும். ‘இன்னார் வரைந்தது’ என்று சொல்லாது. ஆளை நெருங்க, கைப்பழக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். நிழலுக்குக் கறுப்பைக் கலக்கிறாரா, எதிர் நிறத்தைக் கலக்கிறாரா? பழத்தின் விளிம்பை வெட்டினாற்போல் முடிக்கிறாரா, பின்னணியில் கரையவிடுகிறாரா? இப்படிப் பார்த்து, கையெழுத்துள்ள ஓவியங்களோடு ஒப்பிடுவார்கள். வாங்கிய ரசீதோ, ஓவியர் பக்கத்தில் நிற்கும் பழைய புகைப்படமோ இருந்தால், நூறு ஒப்பீடுகளைவிட அதற்கு எடை அதிகம் என்பேன்.

பெயர் கிடைக்கவில்லை என்றால் விலை பெரும்பாலும் அலங்கார ஓவியங்களின் வரிசையில்தான் நிற்கும். அதே அளவு, அதே ஊடகம், அதே தரத்தில் ஏலத்தில் போனவற்றின் விலையும், ஓவியத்தின் இப்போதைய நிலையும் அதைத் தீர்மானிக்கும். அதனால் காட்டப் போகுமுன் துடைக்காதீர்கள். அக்ரிலிக் படலம் அறை வெப்பத்திலேயே மென்மையாகத்தான் இருக்கும். தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஈரத்துணி பட்டால் அதிலுள்ள சில பொருட்கள் கரைந்து வெளியேறும். காப்பீட்டுக்குப் போடும் மதிப்பு, அதுபோல் ஒன்றைக் கடையில் திரும்ப வாங்க ஆகும் செலவு; விற்கும்போது கையில் வருவது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. எதற்காக மதிப்பீடு கேட்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.