மிலிஷியா: போராளிக்குழு அல்ல, குடிப்படை

அமெரிக்காவில் ஒரு பள்ளியிலோ கடைத்தெருவிலோ துப்பாக்கிச்சூடு நடந்தால், மறுநாள் தமிழ்ச் செய்திகளில் அந்நாட்டு அரசமைப்பின் இரண்டாவது திருத்தம் தலைகாட்டும். கூடவே ஏறக்குறைய இப்படி ஒரு வரியும் வரும்: "நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட போராளிக்குழு ஒரு சுதந்திர மாநிலத்தின் பாதுகாப்பிற்கு அவசியமாக இருப்பதால், ஆயுதம் ஏந்தும் மக்களின் உரிமை மீறப்படக் கூடாது." மூலத்தில் மொத்தமே 27 சொற்கள்தான். அதில் இத்தனை இடத்தில் சறுக்க முடியும் என்பதே ஒரு சாதனை. மற்றவற்றைப் பிறகு பார்ப்போம். முதல் குற்றவாளி "போராளிக்குழு".

மூலச் சொல் மிலிஷியா. லத்தீனில் மிலேஸ் என்றால் படைவீரன், மிலிஷியா என்றால் படைப்பணி. ஆங்கிலத்துக்கு வந்த பிறகு, சம்பளத்துக்குச் சேர்ந்த நிரந்தரப் படைக்கு மாறாக, வேளை வரும்போது கூப்பிட்டால் வந்து நிற்க வேண்டிய சாதாரணக் குடிமக்களின் படை என்ற பொருள் நிலைத்தது. அதே வேரிலிருந்து கிளைத்த இன்னொரு சொல் மிலிடன்ட். போராளி, தீவிரவாதி என்றெல்லாம் நாம் எழுதுவது அதைத்தான். அகராதியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. கதவு மாறித் தட்டிவிட்டார்கள்.

போராளி என்பது போர் + ஆளி. தொழிலாளி, முதலாளி போலத்தான். ஆனால் இன்றைய வழக்கில் அந்தச் சொல்லுக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது: தானாக விரும்பி இறங்கியவன், பெரும்பாலும் அதிகாரத்தை எதிர்த்து இறங்கியவன். சமூகப் போராளி, சூழலியல் போராளி எதை எடுத்தாலும் எதிரே ஓர் அதிகாரம் நிற்கும். ஈழத்தமிழ் வாசகருக்கு அந்தச் சொல்லின் எடையைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. மிலிஷியாவின் இலக்கணம் இதற்கு நேர் எதிர். அதில் விருப்பம் கேட்கப்படவில்லை, அழைத்தவரே அரசுதான்.

அமெரிக்க அரசமைப்பின் முதல் பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். மிலிஷியாவை எதற்கெல்லாம் அழைக்கலாம் என்று அது மூன்று காரணம் சொல்கிறது: நாட்டின் சட்டங்களை நிறைவேற்ற, கிளர்ச்சிகளை அடக்க, படையெடுப்பை முறியடிக்க. நம் மொழிபெயர்ப்பாளர் வழியில் போனால் "கிளர்ச்சிகளை அடக்கப் போராளிக்குழுவை அழைக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு" என்றுதான் எழுத வேண்டும். எழுதிப் பார்த்து யாராவது சிரிக்காமல் இருந்தால் சொல்லுங்கள். இது ஏட்டோடு நின்ற அதிகாரமும் அல்ல. 1794இல் மேற்குப் பென்சில்வேனியா விவசாயிகள் விஸ்கி வரியை எதிர்த்து ஆயுதம் எடுத்தபோது, அன்றைய அதிபர் வாஷிங்டன் நான்கு மாநிலங்களிலிருந்து ஏறக்குறைய 13,000 பேரைத் திரட்டி அனுப்பினார். அனுப்பப்பட்டது மிலிஷியா. அந்தக் காட்சியில் போராளிகள் என்று யாரையாவது சொல்லலாம் என்றால் அது எதிர்ப்பக்கம் நின்ற விவசாயிகளை.

"1775இல் அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய லெக்சிங்டனில் பிரிட்டிஷ் மன்னரின் படையை எதிர்த்துச் சுட்டதும் மிலிஷியாதானே, அவர்கள் போராளிகள் இல்லையா?" என்பார்கள். அன்றைக்கு அவர்கள் செய்தது போராட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஊர் வாரியாகப் பெயர் பதிந்து, பயிற்சிக்கு நின்ற அமைப்பு அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இருந்தது. ஒரு நாள் செய்த காரியத்தை வைத்து அமைப்புக்குப் பெயர் சூட்டினால், தீயணைத்த அன்று ஊர் மக்களெல்லாம் தீயணைப்புத் துறை ஆகிவிடுவார்கள்.

திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1791 டிசம்பரில். அடுத்த மே மாதமே வந்த மிலிஷியாச் சட்டத்தைப் படித்தால் சந்தேகமே இருக்காது. 18 வயது நிரம்பி 45 ஆகாத, உடல் வலுவுள்ள, சுதந்திரமான, வெள்ளையரான ஒவ்வோர் ஆண் குடிமகனும் பட்டியலில் சேர்க்கப்பட வேண்டும். (கறுப்பினத்தவரையும் பெண்களையும் தள்ளிவைத்த 'மக்கள்' அது.) சேர்த்த ஆறு மாதத்துக்குள் அவன் தன் சொந்தக் காசில் வாங்கி வைக்க வேண்டியவை: நல்ல மஸ்கட் துப்பாக்கி ஒன்று, அதன் முனையில் செருகும் ஈட்டிக்கத்தி, இடுப்பு வார், மாற்றுச் சக்கிமுக்கிக் கல் இரண்டு, முதுகுப்பை, குறைந்தது 24 தோட்டா கொள்ளும் பெட்டியோடு ஒரு பை. ரைஃபிள் வைத்திருப்பவனானால் 20 குண்டும் கால் பவுண்டு வெடிமருந்தும், அதாவது சுமார் 113 கிராம். கடனுக்கோ வரிப்பாக்கிக்கோ இந்தப் பொருள்களை ஜப்தி செய்யக் கூடாது என்றும் ஒரு விதி. எந்தப் போராளிக்குழுவுக்கு அரசு இப்படி ஜப்தி விலக்கு கொடுத்திருக்கிறது?

உரிமை என்று நாம் படிப்பதன் மறுபக்கம் இப்படி ஒரு கட்டாயச் செலவாகத்தான் இருந்தது. சட்டம் முழுதாக வேலை செய்ததா என்றால் இல்லை. வாங்காதவனைத் தண்டிக்கும் பொறுப்பை மத்திய அரசு மாநிலங்களிடம் விட்டது, பலர் வெறுங்கையோடு வந்தார்கள். 1808இல் ஆண்டுக்கு 2,00,000 டாலர் ஒதுக்கி அரசே ஆயுதம் வாங்கித் தரவேண்டியதாயிற்று. 1814 ஆகஸ்டில் தலைநகருக்கு அருகே பிளேடன்ஸ்பர்க்கில் பயிற்சி போதாத மிலிஷியா பிரிட்டிஷாரைக் கண்டு சிதறி ஓட, அன்றிரவே வாஷிங்டன் நகரம் எரிந்தது.

"நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட" என்ற அடைமொழியின் பொருளும் இங்கேதான் விளங்கும். இன்று அதைப் படிப்பவர் 'அரசு விதிகளால் கட்டுப்படுத்தப்பட்ட' என்று எடுத்துக்கொள்கிறார். 18ஆம் நூற்றாண்டில் ஒரு படையைப் பற்றி அப்படிச் சொன்னால் பயிற்சியும் ஒழுங்கும் உள்ளது என்று பொருள். "நன்கு பயின்ற" போதும், இரண்டே சொல்.

சரி, தமிழில் என்ன? "துணை ராணுவம்" என்கிறார்கள் சிலர். அது நம்மிடம் மத்திய ரிசர்வ் போலீஸ் படைக்குப் போய்விட்ட பெயர், முழுநேரச் சம்பளக்காரர்கள். "ஊர்க்காவல் படை" தமிழ்நாட்டில் திருவிழாக் கூட்டத்தையும் போக்குவரத்தையும் பார்க்கும் தன்னார்வலர்கள். இலங்கையில் அதே பெயர், போர்க்காலத்தில் எல்லைக் கிராமங்களில் ஆயுதம் கொடுத்து நிறுத்தப்பட்டவர்களைக் குறிக்கும். தூய தமிழன்பர்கள் "நாட்டுப்படை" என்று பரிமேலழகரைத் துணைக்கு அழைக்கிறார்கள். மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று அவர் எண்ணும் அறுவகைப் படையில் அது மூன்றாவது. அழகான சொல்தான், பொருளும் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனால் இன்று "அமெரிக்க நாட்டுப்படை" என்று எழுதினால் அந்த நாட்டின் ராணுவம் என்றுதான் எவரும் படிப்பார்கள். அடிக்குறிப்பில்லாமல் நிற்க முடியாத சொல் செய்திக்கு உதவாது.

என் வாக்கு "குடிப்படை"க்கு. குடி என்பதில் குடும்பமும் வரும், ஆளப்படும் மக்களும் வருவார்கள். குடிமகன் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் விளக்கம் தேவையில்லை. டாஸ்மாக் வாசலில் நிற்கும் படையா என்று கேலி வரும், வரட்டும். குடிமகனே அந்தக் கேலியைத் தாண்டிப் பிழைத்திருக்கிறான்.

இன்றைய அமெரிக்கச் சட்டத்திலும் குடிப்படை உயிரோடு இருக்கிறது. 17 முதல் 45 வயதுக்குள் இருக்கும் உடல் வலுவுள்ள ஆண் குடிமக்கள் அனைவரும், மாநிலங்களின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டில் உள்ள பெண்களும் அதன் உறுப்பினர்கள். நேஷனல் கார்டு 'அமைக்கப்பட்ட' பிரிவு, மீதிப் பேர் 'அமைக்கப்படாத' பிரிவு. அயோவாவில் மளிகைக்கடை நடத்தும் முப்பது வயதுக்காரர், தான் போராளிக்குழு உறுப்பினர் என்று தமிழில் படித்தால் மயங்கி விழுவார்.

அப்படியானால் காட்டுக்குள் சீருடை போட்டுச் சுட்டுப் பழகிக்கொண்டு தங்களையே மிலிஷியா என்று அழைத்துக்கொள்பவர்கள்? 2020இல் மிச்சிகன் ஆளுநரைக் கடத்தச் சதி செய்ததாகப் பிடிபட்டவர்கள்? அவர்களை "ஆயுதக்குழு" என்று தாராளமாக எழுதலாம். மாநிலத்தின் அனுமதியின்றித் தனியார் படைதிரட்டி அணிவகுப்பதை மாநிலங்கள் தடுக்கலாம் என்று 1886லேயே, சிகாகோவைச் சேர்ந்த பிரெஸ்ஸர் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் சூட்டிக்கொண்ட பெயரை நாம் மொழிபெயர்த்துக் கௌரவிக்க வேண்டியதில்லை.

அடுத்தது "ஆயுதம் ஏந்தும் உரிமை". மூலத்தில் வைத்திருத்தல், தாங்குதல் என்று இரண்டு வினை. முதலாவதை விழுங்கிவிடுகிறார்கள். ஏந்துதல் தமிழில் போருக்குப் புறப்படுவது. 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஹெல்லர் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்று பிளவுபட்ட நீதிபதிகள் மோதிக்கொண்டது இங்கேதான். உடன் எடுத்துச் செல்வது என்பதே பொருள், தனிமனிதத் தற்காப்பும் அதில் அடங்கும் என்றார் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ஸ்காலியா. அது படைப்பணியைக் குறிக்கும் மரபுத்தொடர் என்றார் மறுத்து எழுதிய ஸ்டீவன்ஸ். "ஏந்தும்" என்று எழுதுகிறவர் தன்னையறியாமல் ஸ்டீவன்ஸுக்குக் கையெழுத்துப் போடுகிறார். "தாங்கும்" என்றால் இரு பக்கமும் வாதாட இடம் இருக்கும். அதே காரணத்துக்காக "சுதந்திர மாநிலம்" வேண்டாம், "அரசு" போதும். மூலத்தில் உள்ள 'ஸ்டேட்' மாநிலமா நாடா என்பதும் வழக்கில் அடிபட்ட கேள்வி. திருத்தத்தை முன்மொழிந்த மாடிசனின் முதல் வரைவில் நாடு என்றே இருந்தது. ஆயுதம் தாங்க மதநம்பிக்கை இடம்தராதவரை நேரில் படைப்பணி செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் அந்த வரைவில் ஒரு தொடர் இருந்தது. விரும்பிச் சேரும் குழுவுக்கு இந்த விலக்கு எதற்கு?

இந்த ஒரு சொல்லால் தமிழில் நடக்கும் வாதம் எப்படிக் கெடுகிறது என்றும் பாருங்கள். ஒருவர் "தீவிரவாதிகளுக்கு அரசமைப்பிலேயே இடம் கொடுத்த நாடு" என்பார். மற்றவர் "அரசை எதிர்த்துச் சுடுவது அங்கே அடிப்படை உரிமை" என்பார். இருவரும் நிற்பது அதே போராளி மேல். மூன்றாவது பதிலில் 'அடிமை', 'கொலைகார ஆதரவாளர்' எல்லாம் வந்துவிடும். ஹெல்லர் வழக்கின் இரு தரப்பும் குடிப்படை என்பது குடிமக்களால் ஆனது என்பதில் சண்டையே போடவில்லை. அந்தப் படைக்கும் இந்த உரிமைக்கும் என்ன தொடர்பு என்பதே கேள்வி. அதற்குப் பக்கம் பக்கமாக, மரியாதையாகச் சண்டை போடலாம். மொழிபெயர்ப்பு எந்திரம் துப்பியதை அப்படியே ஒட்டும் செய்தியறைகள் அந்தக் கேள்வியை வாசகர் கண்ணிலேயே காட்டுவதில்லை.

வேண்டுவோர் எடுத்துக்கொள்ள, என் வரைவு: "நன்கு பயின்ற குடிப்படை, கட்டற்ற அரசொன்றின் காப்புக்கு இன்றியமையாதது ஆதலின், ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது." 'ஆதலின்' முதல் பாதியை இரண்டாம் பாதியின் காரணமாக்கிவிடுகிறது என்று துப்பாக்கி உரிமைக்காரர்கள் முறைக்கலாம். மூலத்தின் வாக்கிய அமைப்பே அந்த வழுக்கலோடுதான் இருக்கிறது, அதைச் சரிசெய்வது மொழிபெயர்ப்பாளர் வேலை அல்ல.